பற்று காயும் வரை

நாங்குநேரிக்குத் தெற்கே, பனையும் உடைமரமும் நிற்கிற செம்மண் காட்டோரத்தில் சித்த மருத்துவம் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் கடிகளுக்கும் பருவம் உண்டு. சித்திரை வெயிலில் கல்லும் ஓடும் காய்ந்ததும் செந்தேள் ஈரம் தேடி வீட்டுக்குள் வரும். பதநீர் இறக்கும் காலமும் அதுதான். ஓலைக் குவியலில் கைவிட்டவர்கள், சுள்ளி பொறுக்கியவர்கள், வாசலில் பாய் விரித்துப் படுத்தவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். ஐப்பசி மழை விழுந்தால் பூரான் சுவரேறும். முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பும். குளத்துப் பாசன வயலில் நெல் நிற்கிற மாதங்களில் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றிச் சிறு வண்டுகள் மொய்க்கும். கார்த்திகை, மார்கழியில் புல்லறுக்கப் போன பெண்கள் காய்ச்சலோடு வருவார்கள். அதுவும் ஒரு பூச்சிக்கடியின் வேலைதான் என்று அவர்களுக்குத் தெரியாது.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி இந்த வட்டாரத்தில் விஷக்கடி வைத்தியம் பார்த்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வேலியோரத்தில் முளைக்கிற எந்தச் செடியையும் கசக்கி மோந்து பார்த்தே பெயர் சொல்வாள். நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன். 1964இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் நஞ்சு நூல் ஒரு தனிப்பாடம். முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பை வரிக்கு வரி படித்தோம். எந்த இலை எந்த நஞ்சுக்கு என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. கடிபட்டவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் முதலில் எதைப் பார்ப்பது என்பதை ஆச்சியிடம்தான் கற்றேன்.

அவளுக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. பற்றுப் போட்டவர் அது காய்கிறவரை திண்ணையை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

"காயாம எந்திரிக்கப்பிடாது. எந்திரிச்சா மருந்து எடுக்காது" என்பாள்.

பற்று என்றால் பெரும்பாலும் குப்பைமேனி. தெருவோரம், குப்பைமேடு, சுவரடி என்று எங்கும் முளைக்கும். மேலிருந்து பார்த்தால் ஓர் இலை மற்றோர் இலையை மறைக்காமல், காம்பை நீட்டியும் சுருக்கியும் வெயிலைப் பங்கிட்டு நிற்கும். பூக்கதிரில் சின்னச் சின்னக் கிண்ணம் போன்ற செதில்கள் இருக்கும். சந்தேகமாக இருந்தால் வேரைப் பிடுங்கிப் போடலாம், பூனை வந்து புரளும். முற்றாத இலையாகக் கைப்பிடி பறித்து, மண் போக அலசி, ஒரு சிட்டிகை கல்லுப்பும் விரலிக் கனத்துக்கு மஞ்சளும் வைத்து அம்மியில் நசுக்குவாள். விழுதாக அரைக்கமாட்டாள். சாறு கசியும் பதத்தில் நிறுத்தி, கடிவாயைச் சுற்றி மூன்று விரற்கடை அகலத்துக்கு அப்புவாள். தோல் கீறியிருந்தால் உப்புச் சேர்க்கமாட்டாள். கைக்குழந்தைக்கும் உப்புக் கிடையாது. முதலில் குளிர்ச்சி தெரியும், பிறகு லேசான எரிச்சல், அதன்பின் அரிப்பு அடங்கும். விளிம்பு வெளுத்து வெடிப்பு விட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரமும் ஆச்சி சும்மா இருக்கமாட்டாள். எதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பாள். எங்கே கடித்தது, எப்போது கடித்தது, கண்ணால் கண்டாயா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், கடிவாயைத் தவிர உடம்பில் வேறெங்கே என்ன செய்கிறது, இங்கே வருமுன் என்ன போட்டாய்? வயலில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, மாடு கன்று போட்டதா என்ற கேள்விகளுக்கு நடுவே இந்த ஆறும் வந்துவிடும். பதில் சொல்கிறவருக்கு ஊர்க்கதை பேசுவதாகத்தான் தோன்றும். ஆச்சியின் கண் நெற்றியிலும் உதட்டிலும் மூச்சிலும் இருக்கும். நெற்றியில் காரணமில்லாமல் வேர்வை அரும்புகிறதா, உதடு தடிக்கிறதா, குரல் கம்முகிறதா, கை சில்லிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். கல்லூரியில் ஒவ்வாமை அதிர்ச்சியைப் பற்றிப் படித்தபோது அந்தத் திண்ணை எனக்கு விளங்கியது. கொட்டுப்பட்டவருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவதானால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் தெரிந்துவிடும். ஆச்சி பற்றை ஒரு சாக்காக வைத்து, அந்த நேரம் முழுக்க ஆளைத் தன் கண்முன் உட்கார வைத்திருந்தாள்.

இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். இலை சிறிய வேதனைகளைத் தணிக்கும். அந்த இலை வேலை செய்கிற நேரத்தில் நாம் கடியைக் கவனித்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது விஷக்கடி வைத்தியம். முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டவர்களால்தான் இந்த வைத்தியத்துக்குக் கெட்ட பெயர் வந்தது.

தேனீக்கடியில் முதல் வேலை கொடுக்கை எடுப்பது. கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது தோலிலேயே நின்றுவிடும். கூடவே நஞ்சுப்பையும் தங்கி, தேனீ பறந்த பின்னும் துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே இறக்கும். நகத்தால் வழித்தாலும் சரி, கிள்ளி எடுத்தாலும் சரி, தாமதிக்காமல் எடுக்க வேண்டும். கருவி தேடி ஓடுகிற நேரம்தான் கெடுதல். குளவிக்கும், எங்கள் வழக்கில் கடந்தை என்கிற கதண்டுக்கும் அப்படி இல்லை. கொடுக்கு அதனிடமே இருக்கும், திரும்பத் திரும்பக் கொட்டும். ஆகவே கடிவாயில் கொடுக்கு நின்றால் தேனீ என்று பாதி தெரிந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீர்த்துணி வைத்து, துளசிச் சாறோ தும்பைச் சாறோ தடவுகிறேன்.

சுண்ணாம்பு தடவுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். தேனீ நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், ஒன்றை ஒன்று முறிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தேனீ நஞ்சில் வேலை செய்கிற முக்கியமான சரக்கு மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு; உலர்ந்த நஞ்சில் ஏறக்குறைய பாதி அதுதான். அது தோலுக்கு அடியில் போய்விட்டது, சுண்ணாம்போ தோலுக்கு மேலே நிற்கிறது. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பைக் கெட்டியாக அப்பி, குழந்தைகளின் மெல்லிய தோல் வெந்து வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கொட்டின வீக்கம் இரண்டு நாளில் வடியும். வெந்த புண் ஆற வாரங்கள் ஆகும்.

ஒன்றிரண்டு கொட்டு வேறு, நூறு கொட்டு வேறு. பனையில் கூடு கட்டுகிற கடந்தை கலைந்து துரத்தினால் பல இடத்தில் கொட்டும். பாறையிலும் பெரிய மரத்திலும் அடை வைக்கிற மலைத்தேனீயும் அப்படித்தான். அப்போது ஒவ்வாமை இல்லாதவருக்குக்கூட நஞ்சின் அளவே ஆபத்து. தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். உடம்பெல்லாம் கொட்டுப்பட்டு வருகிறவருக்கு நான் இலை தொடுவதில்லை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறேன். ஒரே ஒரு கொட்டுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இரைத்தாலும் அப்படியே. அங்கே தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசிக்கு ஈடாக என் அலமாரியில் எந்தச் சூரணமும் இல்லை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமும் இல்லை.

தேளுக்கு வருவோம். பெரிய கருப்பு உடம்பும் பருத்த இடுக்கியுமாக இருக்கிற நட்டுவாக்காலியைக் கண்டால் ஊரே அலறும். அது கொட்டினால் வலிக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது சின்னதாய், மெலிந்த இடுக்கியும் தடித்த வாலுமாய்ச் செங்கல் நிறத்தில் இருக்கிற செந்தேளுக்கு. வலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடிவாயில் உயிர் போகிறது என்று கத்துகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். கடிவாய் வலியைச் சொல்லாமல், வாந்தி எடுத்து, சட்டை நனைய வேர்த்து, கைகால் சில்லிட்டுச் சோர்ந்து கிடக்கிற பிள்ளையிடம்தான் எமன் நிற்கிறான். செந்தேளின் நஞ்சு உடம்பின் தானியங்கு நரம்புகளைக் கிளப்பிவிடும். இரத்த அழுத்தம் ஏறி, இருதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

இந்தச் சாவுகளைக் குறைத்தவர் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வேலை பார்த்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். 1980களில், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரை செந்தேள் கடிக்கு உதவும் என்று அந்த ஊரிலேயே நோயாளிகளின் படுக்கையருகே இருந்து கண்டு, உலகத்துக்குச் சொன்னார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத ஒரு கிராமத்து மருத்துவர், கடிபட்டவரின் பக்கத்திலிருந்து நகராமல் நாடியையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருந்ததால் கண்ட உண்மை அது. அவரை என் குருமார்களில் ஒருவராக நினைக்கிறேன்.

ஊரில் தேள்கடிக்குப் புளியங்கொட்டை வைத்தியம் பெயர் பெற்றது. கொட்டையைக் கருங்கல்லில் சூடேற உரசி, உரசிய முகத்தைக் கடிவாயில் வைத்தால் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். நஞ்சை உறிஞ்சி முடித்ததும் தானே விழும் என்பார்கள். புளியங்கொட்டைப் பருப்பில் நல்ல பசை இருக்கிறது. நூலுக்குக் கஞ்சி போடக்கூட அதன் மாவைப் பயன்படுத்துகிறார்கள். கடிவாயின் ஈரத்தில் அந்தப் பசை ஒட்டுகிறது, ஈரம் காய்ந்ததும் விழுகிறது. அந்தச் சூடு சிலருக்கு இதமாக இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு, கடிவாய் வலி மட்டும் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும், நான் தடுப்பதில்லை. குழந்தையைத் தேள் கொட்டினால் மட்டும், கருப்போ சிவப்போ, ஒட்டுகிறதா விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க விடமாட்டேன். உடனே வண்டி ஏற்றிவிடுவேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு புற ஊதா டார்ச் கிடக்கிறது. அந்த ஒளியில் தேளின் உடம்பு பச்சை நீலமாக ஒளிரும். சித்திரை மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் அப்பாக்களையும் கூட்டிக்கொண்டு இருட்டியதும் தெருத்தெருவாகப் போவோம். கல் சுவரின் இடுக்கில், விறகுக்கட்டின் அடியில், கழிப்பறை மூலையில் தேள் எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டிவிட்டால் மறுநாளே சிமென்ட் பூசிவிடுகிறார்கள். எத்தனை பற்றும் செய்யாத வேலையை அந்த ஒரு மாலை செய்துவிடும்.

பூரான் கடிக்குச் சூடு இதம். பொறுக்கிற சூட்டில் வெந்நீரை வைத்துக் கடிபட்ட கையையோ காலையோ முக்கச் சொல்கிறேன். ஆச்சி வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். பிறகு குப்பைமேனிப் பற்று. மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வருகிறவர்களை முதலில் கழுவ அனுப்புகிறேன். அதனால் வலி தீராது, தோல்தான் எரியும்.

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்கக் கூடாது. அதன் சுணை தோலில் குத்தி நிற்கும். தேய்த்தால் உடைந்து உள்ளே போகும். பிசைந்த மாவை உருட்டி ஒற்றி ஒற்றி எடுப்பது ஆச்சியின் கைவேலை. ஒவ்வொரு ஒற்றுக்கும் மாவை வெளிச்சத்தில் பிடித்துச் சுணை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். இப்போது நான் பிளாஸ்திரியை ஒட்டி உரிக்கிறேன். சுணை போன பிறகுதான் கற்றாழைச் சோறும் மற்றதும்.

விளக்கடி வண்டு வேறொரு சங்கதி. எறும்புபோல் நீண்ட உடம்பு, ஆரஞ்சும் கருப்பும் பட்டைபட்டையாக இருக்கும். வயலில் பயிரைத் தின்கிற பூச்சிகளைப் பிடித்துத் தின்பதால் விவசாயிக்கு அது நண்பன். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்வதை நாம் அடித்து நசுக்கினால் அதன் உடம்பிலிருக்கிற பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டு, மறுநாள் கோடு போட்டாற்போல வெந்து கொப்புளிக்கும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு வருவார்கள். அக்கி பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கமாக, நரம்பின் பாதையில், கூட்டம் கூட்டமாகக் கொப்புளிக்கும், முன்கூட்டியே வலி காட்டும். வண்டு பட்ட இடம் கை இழுத்த திசையில் கோடாக இருக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிந்த இரு பக்கமும் அச்சு எடுத்ததுபோல ஒரே புண். இதற்கு மருந்தைவிட வழி முக்கியம். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

இனிச் சொல்லப்போவதை வாசிக்கிறவர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். காணாக்கடி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எங்கள் தொழிலில் அதிகம். எது கடித்தது என்று தெரியாது. உடம்பில் தடிப்புத் தடிப்பாக வீங்கி அரிக்கும். பலருக்கும் அது சாப்பாட்டாலோ மாத்திரையாலோ மூட்டைப்பூச்சியாலோ வந்த ஒவ்வாமைத் தடிப்பு. அருகம்புல்லும் மஞ்சளும் அரைத்துப் பூசிக் குளித்தால் அரிப்புத் தணியும். ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே கட்டுவிரியனும் ஒளிந்துகொண்டிருக்கிறது. அது இரவில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல்பட்ட தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. வீக்கமும் வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். எறும்போ பூச்சியோ கடித்திருக்கும் என்று நாட்டு மருந்து தேடி வருவார்கள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சமயம். விடுமுறைக்கு ஊரில் இருந்தேன். வாழைத்தோட்டத்துக் குடிசையில் காவலுக்குப் படுத்திருந்த ஒரு பையனை விடியலில் கூட்டி வந்தார்கள்.

"என்னமோ கடிச்சிட்டு ஆச்சி, வவுத்த வலிக்கிங்கான்" என்றார் அவன் அப்பா.

ஆச்சி வழக்கம்போல வாயில் போட்டுக் கடிக்க நாலு மிளகு கொடுத்தாள். உறைக்காவிட்டால் உடம்பில் விஷம் இருக்கிறது, உறைத்தால் இல்லை என்பது ஊர்க்கணக்கு. பையன் மென்றான்.

"உறைக்கி ஆச்சி" என்றான். அவன் அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது.

ஆச்சிக்குத் தெளியவில்லை. அவன் நாக்கு சொன்னதை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மிளகை மெல்ல அவனுக்கு அத்தனை நேரம் ஆனது. விழுங்கும்போது தொண்டை தடுமாறியது.

"ஏல, தலைய அசைக்காம மேல ஓட்டப் பாரு" என்றாள்.

அவன் கண்ணை உயர்த்த முயன்றான். இமை பாதியிலேயே நின்றது. தலையை அண்ணாந்துதான் ஓட்டைப் பார்த்தான்.

"இது பூச்சி இல்ல. காரப் புடி, ஹைகிரவுண்டுக்குப் போ. வழியில தண்ணிகூடக் குடுக்காத" என்றாள். அம்மிப் பக்கம் போகவே இல்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, செயற்கைச் சுவாசக் கருவி வைத்து அவனைப் பிழைக்க வைத்தார்கள். அந்த விஷமுறிவு மருந்து நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்ற நாலு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பாம்பின் தடம் பார்த்து வளையைக் கண்டுபிடிக்கிற அந்தப் பழங்குடி அறிவு ஆஸ்பத்திரியில் புட்டியாக நிற்பதால்தான் அந்தப் பையனைப்போல எத்தனையோ பேர் எழுந்து நடக்கிறார்கள். நாட்டு அறிவு வேறு, ஆஸ்பத்திரி வேறு என்று இரண்டாகப் பிரித்துச் சண்டை போடுகிறவர்களிடம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நான் இப்போது மிளகு கொடுப்பதில்லை. விழுங்கத் தடுமாறுகிறவர் வாயில் எதையும் போடக் கூடாது. மேலே பார்க்கச் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

கார்த்திகைக் காய்ச்சலுக்கு வருகிறேன். புதரிலும் புல்லிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து, அதன் மூலம் கிருமி உடம்பில் ஏறுகிறது. உண்ணிக்காய்ச்சல் என்றும் ஸ்க்ரப் டைபஸ் என்றும் சொல்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு மட்டும் இருக்கும். அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்புக்கு அடியிலோ, பாவாடை நாடா இறுகுகிற இடத்திலோ ஒளிந்திருக்கும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படுகிற இடங்கள். நான் பெண் என்பதால் கதவைச் சாத்திவிட்டு, "எல்லாத்தையும் காட்டு தாயி" என்று கேட்க முடிகிறது. தேடினால்தான் கிடைக்கும். கிடைத்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். தெரியாமல் விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிருக்கே வரும். பொருக்கைக் கண்டதும் சீட்டில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன். அங்குள்ள டாக்டரும் என் சீட்டை மதித்துப் பார்க்கிறார்.

இலைகளைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. குப்பைமேனி தோலுக்கு மேலே நல்லது. உள்ளே கொடுக்கும்போது கவனம் வேண்டும். இலங்கையில் குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்து, பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோனதை 1990களில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எருக்கம்பால் கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் கருவிழி கெடும். முகத்துக் கடிக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானவை ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும். விஷக்கடி என்றாலே அரைத்து உள்ளுக்குக் கொடுக்கிற பழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. இந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் கலந்திருந்த இந்த இனத்துச் செடிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பின்னால் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்த அமிலத்தைப் புற்று உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இதைப் படித்த பிறகு நான் அவற்றை உள்ளுக்குக் கொடுப்பதே இல்லை. பூச்சிக்கடி அரிப்புக்குப் பயந்து சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது வைத்தியம் ஆகாது. ஈஸ்வரமூலி என் வேலியில் இன்னமும் படர்ந்திருக்கிறது. சிவந்த உடம்புள்ள கருப்பு வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடும். அதன் புழு இலையைத் தின்று அந்த நஞ்சைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு குருவிகளிடமிருந்து தப்பிக்கிறது. அந்தச் செடி புழுவுக்கு உணவாகவும் காவலாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நூறு நாள் வேலையில் ஓடை தூர்வாருகிற பெண்களிடம் பேசப் போகும்போது நான் கொண்டுபோவது ஒரு கட்டுக் குப்பைமேனி, ஒரு சோப்பு, ஒரு சீட்டு. இலையை அடையாளம் காட்டிவிட்டு, செருப்பை உதறிப் போடுவதையும், கல்லைக் கையால் புரட்டாமல் மண்வெட்டியால் புரட்டுவதையும், வெறுந்தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுவதையும் சொல்லித் தருகிறேன். கடிவாயைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், சாணம் அப்பாதீர்கள்.

சீட்டில் இருப்பது இவ்வளவுதான். கடிவாயைத் தாண்டி உடம்பெல்லாம் தடித்தால். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இரைத்தால். வாந்தியும் வேர்வையும் சேர்ந்து வந்தால். இமை தொங்கினால், பேச்சுக் குழறினால், விழுங்க முடியாவிட்டால். பல இடத்தில் கொட்டியிருந்தால். தேள் கொட்டியது குழந்தையை என்றால். கடித்து வாரம் கழிந்து காய்ச்சல் வந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் என்னிடம் வர வேண்டாம். காய்ச்சலுக்கு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மற்றவற்றுக்கு உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இலையை நசுக்கிப் பற்றுப் போடுங்கள். போட்டவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். அது காய்கிற வரையாவது பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுங்கள்.